தண்ணீரில் மூச்சு முட்டிய மீன்கள்

மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா? சாகும். என் ஆராய்ச்சிக்கென்று வந்த பனையேறிக் கெண்டைகள் அப்படித்தான் செத்தன. கொண்டுவந்தவர் என்னைப் பெற்ற அத்தா.

தஞ்சாவூரில் அந்த மீனின் மூச்சைப் பற்றித்தான் நான் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்குள், வற்றிய குட்டைகளில் பிடித்தால்தான் உண்டு. வந்துவிட்டால் மீன்கள் வயலெல்லாம் சிதறிவிடும். பிறகு அடுத்த கோடைதான். என் உதவித்தொகை அதுவரை தாங்காது. ஆய்வகத் தொட்டிகளை விட்டு என்னால் நகரவும் முடியவில்லை. பட்டுக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அத்தாவிடம் போனில் புலம்பினேன்.

“நீ ஏம்புள்ள கெடந்து அல்லாடுற? பக்கத்து ஊர்க் குட்டையில மீன் அள்ளுறாங்க. நான் கொண்டாரேன்” என்றார்.

அத்தாவுக்கு வீசிங். துபாயில் சிமெண்டுத் தூசியைத் தின்ற நெஞ்சு. சட்டைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். வேண்டாம் என்றேன். கேட்கிற ஆளா அவர்?

குட்டையில் பிடித்தவர்கள் மீன்களை ஈரச்சாக்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கடலோரத்தில் பிறந்த அத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் பார்த்து வளர்ந்த மீனெல்லாம் தண்ணீரை விட்டால் துடித்துச் சாகிற கடல்மீன். “மீனுக்குத் தண்ணி, மனுசனுக்குக் காத்து” என்று சொல்லி, கடையிலிருந்த எண்ணெய்க் கேனைத் தேய்த்துக் கழுவி, மீன்களைக் கொட்டி, தளும்பத் தளும்ப நீர் ஊற்றி, பஸ்ஸில் சிந்திவிடக் கூடாதே என்று மூடியை இறுக்கித் திருகிவிட்டார். சாக்கையும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். மளிகைக்காரர் சாக்கை வீசுவாரா?

ஆய்வகத்தில் மூடியைத் திறந்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னத்தா பண்ணி வச்சிருக்கீங்க! இது மேல வந்து வாயால காத்தக் குடிக்கிற மீனு. செவுள் மட்டும் இதுக்குப் பத்தாது. காத்தில்லாம இப்படி மூடுனா செத்துப்போயிடும்!”

அத்தா கேனுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். “மூடிய முட்டி முட்டிப் பாத்துருக்கும்ல” என்றார். மூச்சு கிடைக்காமல் தவிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் புத்தகத்தில் படித்தவள்.

அப்போதுதான் மேசைக்கடியில் இருந்த பை அசைந்தது. சாக்கை எடுத்துப் பிரித்தோம். மடிப்பில் ஒரு கெண்டை ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது! தரையில் விழுந்ததும் செவுள் மூடியின் முட்களை ஊன்றி, உடம்பை ஒருக்களித்து, நடக்க ஆரம்பித்தது. “யா அல்லா!” என்று அத்தா காலைத் தூக்கிக்கொண்டார். தண்ணீரில் வந்ததெல்லாம் செத்து, சாக்கில் வந்தது பிழைத்திருந்தது. நான் படித்த விஷயம்தான். ஆனாலும் எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

தொட்டியில் விட்டேன். மேலே வந்து ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு கீழே போனது. அத்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். துடுப்பில் விசிறிக் காம்புபோல எலும்புக் கதிர்கள் உள்ள மீன்கள் இவை. வஞ்சிரம், மத்தி, விரால் எல்லாம் இந்த வம்சம்தான். இவற்றின் ஆதி முன்னோருக்கு நுரையீரல் இருந்தது. பெரும்பாலானவற்றில் அது மிதப்பதற்கான காற்றுப்பையாக மாறிப்போனது. ஆனால் காற்றுக் குறைந்த சேற்றுநீரில் வாழ்ந்த இந்தப் பனையேறியின் வம்சத்தில், தலைமுறை தலைமுறையாக, தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாகப் புதிதாய் ஓர் உறுப்பு உருவாகியிருக்கிறது. போன மூச்சு வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

“அப்ப நுரையீரல் மனுசனுக்குன்னு வந்ததில்லையா?”

“நமக்கு ரொம்ப முந்தி, மீன்லயே வந்துருச்சு அத்தா.”

“அப்ப என்னோடது பழைய சரக்கு. அதான் மக்கர் பண்ணுது” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆனால் ஒரே ஒரு மீனை வைத்து ஆய்வு எழுத முடியாது. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருப்பதாக வேறு சொன்னார்கள். அத்தா சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார்.

மறுநாள் மதியம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அத்தா மட்டும் சன்னலோர சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மடியில் ஈரச்சாக்கு. அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். வழியெல்லாம் சாலைவேலைப் புழுதி. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, உதடு கறுத்திருந்தது. இன்ஹேலர் சட்டைப்பையிலேயே இருந்தது.

“ஏன் அத்தா, எடுத்து அடிச்சிக்க வேண்டியதுதானே!” என்று அழுகையும் கோபமுமாகக் கத்தினேன்.

“கைய எடுத்தா… சாக்கு வாய் மூடிக்கும்ல, புள்ள.”

நானே எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினேன். மருந்தை உள்ளே இழுத்தார். சாக்குக்குள் கெண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. அப்போதும் அவர் கை சாக்கை விடவில்லை.

“எல்லாத்துக்கும் மூச்சு இருக்கா, பாரு” என்றார்.