பத்தியச் சோறு

எனக்கு உடம்பெல்லாம் வலி. எங்கே வலிக்கிறது என்று கேட்கிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். விரலிலிருந்து தாடைவரை எல்லாம்தான் வலிக்கிறது, எதைத் தொட்டுக் காட்டுவது? தூங்கி எழுந்தால் மூட்டை சுமந்தவள் போல எழுவேன். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. அதனால் நல்லம்பள்ளியில் என் புகுந்த வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர்.

என்னால் குனிந்து பெருக்கக்கூட முடியவில்லை என்று தெரிந்து, ஏரியூரிலிருந்து அம்மா துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவள் கைக்குப் போனது. பல வருடங்களில் முதல் முறையாக நான் பகலில் படுத்தேன்.

தருமபுரியில் ஒரு டாக்டரம்மா மட்டும் என்னை நம்பினார். ஃபைப்ரோமயால்ஜியா, பரிசோதனையில் தெரியாத உடம்பு வலி நோய் என்றார். ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எழுதிக்கொடுத்து, கலர் கலராகக் காய், கீரை, பழம் சாப்பிடச் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்:

"மருந்து திங்கறப்ப புளிப்பும் கீரையும் ஆவாது கண்ணு. மருந்த முறிச்சுப்புடும்."

தக்காளி, நெல்லிக்காய், கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். வெறும் அரிசிக் கஞ்சி, சுட்ட அப்பளம். டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டவள் நான். படித்தவள் வேறு. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு தின்றேன், எதிர்த்துப் பேசவும் தெம்பு வேண்டுமே. ஆறு மாதம் அப்படிப் போனது.

அடுத்த முறை போனபோது, என்ன சாப்பிடுகிறேன் என்று டாக்டரம்மா கேட்டார். பத்தியம் கொஞ்சமும் தவறவில்லை என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாத்திரைல இருக்கறதே அந்தக் காய் பழத்துல இருக்கற சத்துதாம்மா. அத நிறுத்திட்டு இத மட்டும் குடுத்தா எப்படிங்க?"

அம்மாவின் முகம் செத்துவிட்டது. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. வலிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது அல்லவா, இனி சரியாகிவிடும்.

அதன்பின் அம்மா எனக்குத் தின்னக் கொடுத்ததை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக்கூட யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, கேழ்வரகுக் களி, தினம் ஒரு நெல்லிக்காய். நான்கு மாதம். வலி இம்மியும் குறையவில்லை. "செலருக்குக் கேக்கும், செலருக்குக் கேக்காதுங்க," என்றார் டாக்டரம்மா. அன்று நான் தனியாகப் போயிருந்தேன். பேருந்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

வீட்டில் அம்மா காத்திருந்தாள்.

"என்னாலதான் ஆறு மாசம் வீணாப்போச்சு. இப்பவாச்சும் கேக்குதா கண்ணு?"

அந்தக் கண்களைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

"கேக்குதும்மா. இப்ப வலியே இல்ல."

அவள் என் தலையைத் தடவினாள். வீடு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தாள். அந்த வாரமே துணிப்பையை எடுத்துக்கொண்டு ஏரியூர் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலையில் என்னால் எழ முடியவில்லை. உடம்பெல்லாம் வலிக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"உங்கம்மாவே செரியாப்போச்சுன்னு சொல்லிட்டுத்தான போனாங்க," என்றார்.

எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.