ஆறாம் எண் வீட்டின் துப்பாக்கி

விஸ்கான்சினின் வடக்கே, காகித ஆலைக்குப் பின்னால் எட்டு வாடகை வீடுகள் கொண்ட செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. குழாய் ஒழுகினாலும் வாசலில் பனி குவிந்தாலும் ஓடுகிறவன் நான்தான், லைல். கீழே முதல் வீடு எனக்கு. மாடியில் ஆறாம் எண் வீட்டில் பத்தொன்பது வருடம் இருந்தவள் வெர்னா. ஆலை கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவள். கணவர் வால்ட் இறந்து ஆறு வருடமாகிறது. பிள்ளை குட்டி கிடையாது.

வால்ட் விட்டுப்போனது ஒரு மான் துப்பாக்கி. நவம்பரில் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பாதிரியார்கூட வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையில்தான் இருப்பார். வெர்னாவும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, வால்ட் மரத்தில் அடித்து வைத்த பலகையில் போய் உட்காருவாள். தோட்டா போடமாட்டாள். பிளாஸ்கில் காபி, கோப்பை மட்டும் இரண்டு.

"மான் வந்துச்சா வெர்னா?" என்று கேட்டால், "வந்துச்சு. வால்ட்டுக்குத்தான் கண்ணு தெரியல, விட்டுட்டாரு" என்பாள்.

அவள் வெறுங்கையோடு திரும்புவதால், எங்களில் யார் முதல் மானை அடித்தாலும் ஒரு பொட்டலம் கறி அவள் வீட்டுக்குப் போகும். அது கட்டடத்து வழக்கம்.

போன வசந்தத்தில் ஹெப்னர் என்பவர் கட்டடத்தை வாங்கினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய இன்னொரு கட்டடத்தில் ஒருவன் துடைத்துக்கொண்டிருந்த துப்பாக்கி வெடித்து, குண்டு சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முழங்காலில் பாய்ந்ததாம். அதனால் புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: இந்த வீட்டில் துப்பாக்கி இல்லை, இனி இருக்காது. கையெழுத்துப் போடாதவர்கள் காலி செய்ய வேண்டியதுதான்.

ஏழு வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஏழு வீட்டிலும் துப்பாக்கி உண்டு. என் கட்டிலுக்கடியில் மட்டும் இரண்டு. கூசாமல் போட்டுக் கொடுத்தேன். வெர்னா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"பேசாம போட்டுத் தொலைங்க. யாரு வந்து அலமாரியத் திறந்து பாக்கப்போறா?" என்றேன்.

"இருக்குறத இல்லேன்னு எப்படிடா எழுதுறது?"

"நான் எழுதல?"

"உனக்குக் கை வருது. எனக்கு வரலையே."

ஹெப்னரே மாடியேறி வந்தார். "துப்பாக்கி உங்க உரிமைதான், நான் மறுக்கல. ஆனா சுவரு என்னோடது. அத வேற எங்கயாவது வச்சுட்டு நீங்க இங்கயே இருங்களேன்."

"அவரு கை பட்டதுன்னு எங்கிட்ட மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான். ஊரான் கராஜ்ல போட்டு வைக்க மனசு வரல. நீங்க கேட்டீங்க, நான் சொல்லிட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மத்தவங்க யாருகிட்டயும் இல்லதானே, லைல்?"

"இல்லீங்க."

வெர்னா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லோரும் உண்மையைச் சொல்லியிருந்தால், எட்டு வீட்டையும் ஒரேயடியாகக் காலி செய்யச் சொல்ல எந்த வீட்டுக்காரருக்கும் தைரியம் வராது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாய் திறக்காத கோழை நான்.

செப்டம்பரில் அவள் நாற்பது மைல் தள்ளி சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டுக்குப் போனாள். பெட்டிகளை நான் சுமந்தேன். துப்பாக்கியை மட்டும் அவளே, எல்லோரும் பார்க்க, கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். "ஃபோன் பண்ணுடா" என்றாள். நான் பண்ணவில்லை. என்ன சொல்லிப் பண்ணுவது?

நவம்பர் வந்தது. அந்தச் சனிக்கிழமை விடியலில் ஏழு கதவுகளும் திறந்தன. ஒருவன் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றியிருந்தான். இன்னொருவன் திரைச்சீலைக் கம்பி வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தான்.

"என்னப்பா, மீன் பிடிக்கவா?"

"ஆமா, கொம்பு வச்ச மீனு."

நானும் சிரித்தேன்.

அன்றைய முதல் மான் எனக்குத்தான் விழுந்தது. நல்ல கறியாக அறுத்துக் காகிதத்தில் சுற்றினேன். பழகிய கால் தானாக மாடியேறியது. ஆறாம் எண் கதவைத் தட்டிய பிறகுதான் நினைவு வந்தது. அந்த வீட்டுக்குக் குடிவர ஹெப்னருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கையில் கறியோடு நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் துப்பாக்கி இல்லாத வீடு அது ஒன்றுதான்.