இரண்டாவது கட்டத்தை யார் நிரப்பினார்கள்?

கல்லூரியின் பதிவுப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மாவுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடமாகப் படிவங்களைச் சரிபார்த்துச் சரிபார்த்து, நேராக நிற்கும் எழுத்துகூட அவர் கண்ணுக்குச் சாய்ந்துதான் தெரியும். வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டால் போதும், "இன்னைக்கு என்னங்க விசேஷம்?" என்று வாசல்வரை வந்துவிடுவார்.

கோடை விடுமுறையில் ஆறு வாரம் வெளிநாட்டுக் கல்லூரியில் படிக்க அந்த வருடம் பதினான்கு பேர் விண்ணப்பித்தார்கள். ஆளுக்கு இரண்டு பாடம். அங்கே தேறினால் அந்த மதிப்பெண் இங்கே பட்டத்தில் சேரும்.

முதலில் சிக்கியது ஓர் எலெக்ட்ரீஷியன் மகளின் படிவம். மெக்கானிக்கல் படிக்கிற பெண், முதல் பாடமாக மண்பாண்டக் கலையை எழுதியிருந்தாள். ஊர் சுற்றத்தான் கிளம்புகிறாள் என்று முடிவு கட்டி, ஆளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மெஷின் படிக்கிறவளுக்குச் சட்டி பானை எதுக்கு?"

"சூளையில எந்தச் சூட்டுக்கு விரிசல் விடுதுன்னு சோதிக்கிற பாடம் மேடம். எங்க துறையில அனுமதி வாங்கிட்டேன்."

நீட்டிய கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை அசல்தான்.

"சரி, அடுத்ததா பயண இலக்கியம் எதுக்கு?"

பெண் முழித்தாள். "அதை நான் எழுதலையே! ரெண்டாவது கட்டத்தைக் காலியா விடுங்க, நான் பாத்துக்கிறேன்னு சார் சொன்னாரு."

சார் என்றால் பிள்ளைகளை அழைத்துப் போகும் பேராசிரியர். அம்மாவுக்குப் பொறி தட்டியது. படிவக் கட்டைப் பிரித்தார். பன்னிரண்டு படிவங்களில் அதே பயண இலக்கியம், அதே நீல மை, வால் நீண்ட அதே 'ய'. அங்கே போய் அந்தப் பாடத்தை நடத்துபவர் பெயரைத் தேடினார்: அதே பேராசிரியர். பத்துப் பேர் சேராவிட்டால் வகுப்பும் இல்லை, அவருக்குப் பயணமும் இல்லை. இலக்கிய மாணவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பாடம் பட்டத்தில் சேராது என்பதும் விதியில் இருந்தது. அவர்களுக்குப் பாதிப் படிப்பு வீண்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. பழைய படிவங்களுக்கு நகல் எடுத்துப் பூட்டி வைத்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வரவழைத்து, "இங்கயே உக்காந்து உங்க கையால எழுதுங்க" என்று புதுப் படிவம் கொடுத்தார். பயண இலக்கியத்தை எழுதியவர்கள் இரண்டே பேர்.

மறுநாள் பேராசிரியர் புயலாக வந்தார். "பாடம் தேர்ந்தெடுக்கிறதுல உங்களுக்கு என்ன வேலை?"

"தேர்ந்தெடுக்கிறது பிள்ளைங்க வேலை சார். யாரு எழுதினதுன்னு பாக்குறதுதான் என் வேலை."

பழைய படிவங்கள் பன்னிரண்டையும் அம்மா மேசையில் பரப்பினார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்!"

"ஆமா சார்."

விஷயம் முதல்வர்வரை போனது. வகுப்பு நின்றது. பிள்ளைகளை அழைத்துப் போகும் பொறுப்பை வேறொரு ஆசிரியை ஏற்றார்.

ஆனாலும் அம்மாவுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தான் முதலில் திருடியாகப் பார்த்தது அந்தப் பெண்ணைத்தானே? கிளம்பும் முன் கையெழுத்து வாங்க அவள் வந்தபோது, 'தப்பா நினைச்சுட்டேன்மா' என்று சொல்ல வாயெடுத்தார். வாயில் வந்தது வேறு.

"பாஸ்போர்ட்ல உன் பேரு சரியா இருக்கா? காட்டு."

சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.