நிழலில் காய்ந்த இலை

என் தம்பி சுவிஸிலிருந்து வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள் அறைக்கதவைப் பூட்டிவைக்கப் பழகிவிட்டான். புங்குடுதீவில், எங்கள் வீட்டில், எனக்கே ஒரு பூட்டு!

விடியப்புறம் பையோடு போவான். ஆட்கள் வெளிநாடு போய்ப் பற்றை மண்டிக் கிடக்கும் வளவுகளுக்குள் நுழைந்து, பை உப்பத் திரும்பி வருவான். "எங்கையடா போனனீ?" என்றால், "சும்மா நடந்தனான், அக்கா" என்பான். சும்மா நடக்கிறவனுக்கு என்னத்துக்குப் பை?

ஒருநாள் யன்னல் இடுக்கால் பார்த்தேன். கட்டிலுக்கடியில் பழைய பேப்பர் விரித்து ஏதோ இலை காயப்போட்டிருந்தான். இந்தத் தீவில் மிளகாயோ வடகமோ மீனோ, காயவேண்டியதெல்லாம் வெயிலில் ஊரறியத்தான் காயும். கட்டிலுக்கடியில் இருட்டில் காய்வது எது? கடல்வழியாகக் கஞ்சாப் பொதி வருவதும் பொலிஸ் வளவு வளவாகத் தேடுவதும் எங்களுக்குப் புதிய கதையா? அது எப்படி மணக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. தெரியாததால் அந்த அறையிலிருந்து வந்த எல்லா மணமும் அதுவாகவே பட்டது.

மத்தியானங்களில் கறுக் கறுக்கென்று அரைக்கும் சத்தம் கேட்கும். உள்ளங்கைக்குள் அடங்கும், உள்ளே பல் வைத்த ஓர் இரும்புச் சிமிழ். அரைத்த தூளை டோர்ச்லைற் மாதிரியான ஒரு கறுப்புக் கருவிக்குள் அடைத்து, சூடாக்கி, வாயில் வைத்து இழுப்பான். நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. புகையே இல்லாமல் இழுக்கப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான், அறுவான்!

ஞாயிற்றுக்கிழமை மண்டைதீவிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வர இருந்தார்கள். மகளுக்கும் மனம் பிடித்த இடம். தாய்மாமன் கஞ்சாக்காரன் என்று ஒரு கதை அடிபட்டால் எல்லாம் போச்சு. சனிக்கிழமை பொறுக்க ஏலாமல் கதவில் அடித்தேன்.

"திறவடா! குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டிலை என்னத்தையடா இழுக்கிறாய்?"

திறந்தான். தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். சிமிழைப் பறித்து முகர்ந்தேன். ஆடாதோடை. இருமலுக்கு எங்கள் அம்மா அவித்துத் தந்த அதே இலை.

"எனக்குத் தொய்வு, அக்கா, மூச்சு இழுக்கிற வருத்தம். அம்மாவுக்கு இருந்த அதே தொய்வு. டொக்டர் தந்த பம்ப்பும் கிடக்கு. இதுவும் கொஞ்சம் சுகமாயிருக்கு. வெயிலிலை போட்டால் குணம் போயிடுமெண்டு நிழலிலை காயவிட்டனான்."

"இதை ஏனடா எனக்கு ஒளிச்சனீ?"

"பரம்பரை வருத்தமெண்டு தெரிஞ்சால் பிள்ளையின்ரை கலியாணம் குழம்பிடும்."

உண்மைதான். சம்பந்தம் பேச முதல் எங்கள் ஆட்கள் விசாரிப்பது அதைத்தான். எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வாறவை போகுமட்டும் வெளியிலை வராதை" என்றேன்.

மறுநாள் வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அறைக்குள் இருமல் கேட்டது. வாயைப் பொத்தி, அடக்கி அடக்கி இருமுகிற இருமல். மாப்பிள்ளையின் தாய் கோப்பையை வைத்துவிட்டு, "உள்ளுக்கை ஆர்?" என்றாள்.

"ஒருத்தருமில்லை" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் மகள் எழும்பிப் போய்க் கதவைத் தட்டினாள். முதல்நாள் நாங்கள் பேசியதெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"மாமா, காத்துப்பட வந்து இருங்கோ."

அவனைக் கைபிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். பிறகு வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"இவர் என்ரை மாமா. இவருக்குத் தொய்வு. அம்மம்மாவுக்கும் இருந்தது. நாளைக்கு எனக்கும் வரலாம்."