மூன்று முறை கூப்பிட்டார்கள்

போன வாரம் கண்ணைக் காட்டுவதற்காகத் தர்மாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இடது கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷமாகிறது. வலது கண்ணும் அதற்குத் துணைபோகத் தொடங்கியிருக்கிறது. சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு விசுப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். கம்பவுண்டர் வாசலில் வந்து நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை எரிச்சலோடு கூப்பிட்டார். யாரோ பாவம், வரவில்லை போலிருக்கிறது என்று நானும் மற்றவர்களைப் போல அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் காலில் கட்டுப் போட்டிருந்த ஓர் ஆள் என் தோளைத் தொட்டு, "பெரியவரே, ஒங்க சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றான். பார்த்தால், அந்தப் பெயர் என்னுடையது.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதில் என் தப்பு பெரிதாக ஒன்றும் இல்லை என்று இப்போதும் வாதாடுவேன். ஊருக்கெல்லாம் நான் 'கோர்ட்டு ஐயா'. உயிரோடு இருந்தவரை என் மனைவிக்கு நான் 'இந்தாங்க'. தாய் தகப்பன் வைத்த பெயர் பென்ஷன் காகிதத்தில் மட்டும்தான் குடியிருக்கிறது. வெளியே வந்து நடக்கும்போதுதான் சிரிப்பு நின்றது. மூன்று முறை கூப்பிட்டும் எழுந்திருக்காத வேறொருத்தி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். அவள் வந்தால் வேப்பிலை வாசனையும் கூடவே வரும்.

ஏன் வேப்பிலை என்று கேட்பீர்கள். எங்கள் கோர்ட்டின் ரிக்கார்டு அறையில் பூச்சி அரிக்காமலிருக்க ஒவ்வொரு கட்டுக்குள்ளும் வேப்பிலையைச் செருகி வைப்போம். காய்ந்த வேப்பிலை, மக்கின காகிதம், ஓட்டில் தொங்கும் வௌவால் எச்சம், மூன்றும் சேர்ந்து ஒரு வாசனை. இருபது வயதில் அதற்குள் நுழைந்தேன். மலைமேல் ஆற்றை மறித்து அணை கட்டத் தொடங்கியிருந்த காலம். பள்ளத்தாக்கில் இருந்த ஒரு சின்ன முன்சீபு கோர்ட் அது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே குமாஸ்தாக்கள் நாலு பேர், நாலாவது ஆள் நான். அதுவும் ஆக்டிங், அதாவது வேலை உண்டு, நிச்சயமில்லை.

எங்கள் பக்கத்து ஆடிக்காற்றை நீங்கள் அனுபவித்திருக்கமாட்டீர்கள். மலைக்கணவாய் வழியாக இறங்கினால், மேசையிலிருக்கும் காகிதத்தைக் கோர்ட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோய்ப் போடும். ஒருநாள் ஒரு தீர்ப்பு நகலைப் பக்கத்துத் தோட்டத்து ஆடு பாதி தின்றுவிட்டது. அதற்காகச் சுருளியாற்றிலிருந்து உருண்டைக் கற்களாகப் பொறுக்கி வந்து ஒவ்வொரு காகிதத்தின் மேலும் வைத்திருப்போம். என் கல் முட்டை மாதிரி வழவழப்பாக இருக்கும். வேலை இல்லாத நேரத்தில் அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தக் காற்றையும் மீறிக் கேட்கும் குரல் மாயாண்டியுடையது. இடுப்பில் டவாலிப் பட்டையைக் கட்டிக்கொண்டு வராந்தாப் படியில் நின்று கட்சிக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவது அவன் வேலை. சாதாரணமாகப் பேசும்போது பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. படியில் ஏறிவிட்டால் ஆற்றுக்கு அக்கரையில் மாடு மேய்ப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். மூன்று முறை கூப்பிடுவான். அதற்குள் வாதி வந்து நிற்காவிட்டால், வழக்கு தள்ளுபடி. எத்தனை காதம் நடந்து வந்தாலும், எத்தனை மாதம் காத்திருந்தாலும் கணக்கு மூன்றுதான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் பிராது கொடுத்தால், குமாஸ்தா அதை முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு அவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் போடுவார்கள். அதன் அடியில், 'படித்துக் காட்டினேன், சரியென்று ஒப்புக்கொண்டு கீறல் போட்டார்' என்று எழுதி நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வாரத்தில் ஒரு பிராதை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டவர் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஹெட் குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன தம்பி, ராமாயணமா வாசிக்கிறே? படிச்சதா எழுதிப் போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்புடு."

அன்றிலிருந்து எழுதத்தான் எழுதினேன், படித்ததில்லை. நாலு பேரும் அப்படித்தான். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். இது ஒரு சமாதானம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் வந்தது ஒரு பங்குனியில். அனுமந்தன்பட்டிக்காரி, முப்பது வயதிருக்கும். அந்த ஊரில் பழைய காலத்திலேயே கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த குடும்பங்கள் நிறைய. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. புருஷன் மலைமேல் அணை வேலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்துப்போனான். பதினாறாம் நாள் கொழுந்தன் வந்து வீட்டைப் பூட்டினான். இவள் என் அண்ணனுக்குக் கலியாணம் ஆனவளே இல்லை, சும்மா வந்து ஒண்டினவள் என்று ஊரில் சொல்லிவிட்டான். ஒரே அறை, பின்னால் ஒரு முருங்கை, அதன் கீழ் ஆட்டுரல். அந்த வீட்டுக்காகத்தான் பிராது.

பிராது எழுதிக் கொடுத்தவர், அவள் சொன்னபடியே, வாதியின் பெயரைச் 'சிட்டாயி' என்று எழுதியிருந்தார். நான் விடவில்லை. கலியாணத்தை நிரூபிக்க மாதா கோயில் ஏட்டின் நகல்தானே வரவேண்டும்? அதில் ஞானஸ்நானப் பெயர்தானே இருக்கும்? இரண்டு இடத்தில் இரண்டு பெயர் இருந்தால் எதிராளி வக்கீல் கிழித்துவிடமாட்டாரா? இருபது வயதில் இவ்வளவு யோசித்தேனே என்று எனக்கே என்மேல் பெருமை.

"கோயில் ஏட்டுல ஒம் பேரு என்னன்டு எழுதி வாங்கிட்டு வா. அப்பத்தான் பிராது நிக்கும்."

"ஏட்டுல எனக்கு வேற பேரா இருக்கும் எசமான்?"

"கோயில் உபதேசியார்ட்டக் கேளு. எழுதித் தருவாரு."

எட்டு நாள் கழித்து வந்தாள். முந்தியில் முடிந்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். 'மதலேனம்மாள்' என்று உபதேசியார் அழகாக எழுதியிருந்தார். அதைப் பார்த்துப் பிராதில் சிட்டாயியை அடித்துவிட்டு மேலே எழுதினேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் தன் பெயரை முந்தியில் முடிந்து சுமந்து வந்தவளுக்கு அது என்ன பெயர் என்று தெரியாது. உபதேசியார் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்வேன் என்று அவர் நினைத்திருப்பார்.

"இங்கன கீறல் போடு" என்று பேனாவைக் கொடுத்தேன்.

"சிலுவை போடட்டுமா எசமான்? சிலுவை போட்டா பொய்யில்லைன்டு ஆயிரும்."

போடு என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, குறுக்குக்கோடு நேராக வரவேண்டுமே என்ற கவலையோடு போட்டாள். அடியில் நான், 'படித்துக் காட்டினேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மை உலர மணலைத் தூவினேன்.

அதன் பிறகு கொழுந்தன் சம்மனை வாங்காமல் ஓடி ஒளிந்ததில் மூன்று வாய்தா போயிற்று. ஒவ்வொரு தடவையும் நேரே என் மேசைக்கு வருவாள். 'அனுமந்தன்பட்டியா, அடுத்த மாசம் வா' என்பேன். அவளை நான் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டேன். கடைசியில் சம்மன் அவன் கையில் சார்வாயிற்று. ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விசாரணைக்கு விழுந்தது. "அன்னிக்கு எங்கிட்ட வரவேண்டாம். வெளியில புளியமரத்தடியில இரு, கூப்புடுவாக" என்று சொல்லி அனுப்பினேன். இதுவும் நான் சொன்னதுதான்.

அந்தத் திங்கட்கிழமை நான் உள்ளே நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். மாயாண்டி படியில் ஏறி, "மதலேனம்மாள்! மதலேனம்மாள்! மதலேனம்மாள்!" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. அந்தப் பெயரை எழுதின கை, கல்லுக்குக் கீழே படபடத்த காகிதத்தில் வேறெதையோ எழுதிக்கொண்டே இருந்தது. ஆள் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எதிராளி வந்திருந்தான், அவன் வக்கீல் எழுந்து நின்றார். வழக்கு தள்ளுபடியாயிற்று. ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

மத்தியானம் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். புளியமரத்தடியில், படியிலிருந்து பத்தடி தூரத்தில், அவள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலையை நன்றாகத் துவைத்துக் கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இன்னும் என்னையக் கூப்புடலையே எசமான்?"

காலையில் எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன்.

"விடியமுன்ன இருந்து இங்கனயேதேன் இருக்கேன். தண்ணி குடிக்கக்கூடப் போகலை. யாரோ மதலேனம்மாவாம், மூணு வாட்டி கூப்புட்டாக. அவ வரலை. பாவம், எம்புட்டுத் தூரத்துல இருந்து வரணுமோ என்னமோ."

நண்பரே, இத்தனை வருஷத்தில் எத்தனையோ தீர்ப்புகளை நகல் எடுத்திருக்கிறேன். ஒன்றுகூட வரி வரியாக நினைவில்லை. இது மட்டும் அவள் சொன்ன இழுப்போடு அப்படியே இருக்கிறது. அந்த மதலேனம்மாள் நீதான் என்று சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அந்தப் பெயரை ஒரு தடவை மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"நல்ல பேராத்தேன் இருக்கு" என்றாள். பிறகு, "அப்ப இனி எப்பக் கூப்புடுவாக?" என்று கேட்டாள்.

முப்பது நாளுக்குள் தக்க காரணம் காட்டினால் தள்ளின வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்று சட்டத்தில் இடமிருக்கிறது. மனுவை நானே எழுதினேன். வாதிக்குத் தன் ஞானஸ்நானப் பெயர் தெரியாது, கூப்பிட்டபோது பத்தடியில்தான் இருந்தாள் என்று எழுதினேன். நம்பிக்கையோடுதான் எழுதினேன். முன்சீபு கெட்டவர் இல்லை.

மனு விசாரணைக்கு வந்த அன்று எதிராளி வக்கீல் அதிகம் பேசவில்லை. பிராதைக் கையில் எடுத்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், அடியில் இருந்ததைப் படித்தார். படித்துக் காட்டினேன், சரியென்று ஒப்புக்கொண்டு கீறல் போட்டாள். பிராதின் முதல் வரியே 'மதலேனம்மாள் ஆகிய நான்' என்றுதானே தொடங்குகிறது, அதைக் கேட்டு ஒப்புக்கொண்டவளுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

முன்சீபு என் பக்கம் திரும்பினார். "இது உம்ம கையெழுத்துத்தானே? படிச்சுக் காட்டினீரா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். சொன்னால் வழக்கு எழுந்து நின்றிருக்கும், நான் வீட்டுக்குப் போயிருப்பேன். அடுத்த மாதம்தான் என் வேலை நிச்சயமாவதாக இருந்தது. வீட்டில் கலியாணத்துக்கு இரண்டு தங்கைகள். இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். ஒன்றையும் யோசிக்கவில்லை. ஹெட் குமாஸ்தாவின் மூக்குக் கண்ணாடி மட்டும் கண்ணில் பட்டது.

"காட்டினேங்கய்யா" என்றேன்.

முன்சீபு அவளைக் கேட்டார், "என்னம்மா, குமாஸ்தா படிச்சுக் காட்டினாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. இப்போது நினைத்தாலும் அதுதான் சுடுகிறது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பதறின முகம் அது.

"எசமான் சொன்னா அது சரியாத்தேன் இருக்கும் சாமி. அவுக படிச்சிருப்பாக. எனக்குத்தேன் வெளங்கியிருக்காது."

மனு தள்ளுபடி. மேலே போக மதுரைக்குப் போகவேண்டும். அவளுக்கு மதுரையும் ஒன்றுதான், ரோமாபுரியும் ஒன்றுதான். வெளியே வந்தவள் புளியமரத்தடியில் வைத்திருந்த மூட்டையை எடுத்துக்கொண்டாள். வராந்தாவில் நின்ற என்னைப் பார்த்து, "வாரேன் எசமான். ஒங்களுக்கும் வீண் அலைச்சல்" என்று சொல்லிவிட்டுக் காற்றுக்கு எதிராகக் குனிந்து நடந்துபோனாள்.

எனக்கு வேலை நிச்சயமாயிற்று. ஹெட் குமாஸ்தாவாகி, அதே மாதிரி மூக்குக் கண்ணாடி போட்டு, ஓய்வும் பெற்றேன். சில வருஷம் கழித்து ஒருதரம் அனுமந்தன்பட்டிக்குப் போனேன். அந்த அறையில் கொழுந்தனின் மாடு கட்டியிருந்தது. முருங்கையை வெட்டியிருந்தார்கள். அவள் காப்பித் தோட்டத்து வேலைக்கு மலையேறினவள், திரும்பவில்லை என்றார்கள். செத்துப்போனாளா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

ஆயுள் முடிந்த கட்டுகளை எரிப்பது கோர்ட்டு வழக்கம். அந்த வருஷத்துக் கட்டுகள் எரிந்தபோது பட்டியலில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். கட்டைப் பிரித்தேன். பொடிந்த வேப்பிலை கொட்டியது. உபதேசியாரின் துண்டுக் காகிதம் இருந்தது. சிலுவை இருந்தது, அதற்குக் கீழே என் பொய் இருந்தது. எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் கையில் பிடித்திருந்தேன். ஹெட் குமாஸ்தாவே விதியை மீறினால் நன்றாகவா இருக்கும்? தீயில் போட்டேன்.

புளியமரம் இப்போது இல்லை. மாயாண்டி போய்ச் சேர்ந்தான். கோர்ட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஓடு சரிந்த அந்தக் கட்டடத்தில் வைக்கோல் அடைத்திருக்கிறார்கள். கீறலும் போய்விட்டது, பெருவிரலில் மை தடவி உருட்டுகிறார்கள். போன வாரம், காலில் கட்டுப் போட்ட ஓர் ஆள், என்னை யாரென்றே தெரியாதவன், கையை நீட்டி என் தோளைத் தொட்டான். நான் எழுந்து உள்ளே போனேன். அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்தது கோர்ட்டுப் படியிலிருந்து பத்தடி தூரத்தில்தான்.