மாமியும் நானும் ஆடிய ஜப்பான் கதை

என் கணவர் சிங்கப்பூரிலிருந்து இரண்டாவது முறை விடுப்பில் வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம். அவர் அங்கே பழைய எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் கடையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது அந்தக் கடையில் போட்டுவிட்டுப் போன பெட்டி அது. கூடவே ஒரே ஒரு சிடி.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதில் சேர்ந்து இருந்தது நூறு நாளுக்கு மேல் இருக்காது. காரைக்குடியில் பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் எங்கள் வீடு. மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே மவுத்தாகிவிட்டார். நாத்தனாரைத் தேவகோட்டையில் கொடுத்திருந்தார்கள். கணவர் சிங்கப்பூர் போய்விட்டால் வீட்டில் அவருடைய அம்மா, என் மாமியும் நானும் மட்டும்தான்.

"இதுல சண்ட கெடயாது, கார் ஓட்டுறது கெடயாது. இது கதை" என்றார் அவர், ஒயர்களைப் பிரித்துக்கொண்டே. "அங்க டிவியில ஓடுன ஜப்பான் கார்ட்டூன் தொடரு. அதையே வெளையாட்டா ஆக்கிருக்காக. நான் ரூம்ல கேசட்டுப் போட்டு முழுசாப் பாத்துட்டேன்."

அந்தப் பெட்டிக்கு நம் ஊர் கரண்ட் ஆகாதாம். அதற்காக ஒரு டிரான்ஸ்பார்மரும் கொண்டுவந்திருந்தார், செங்கல் கனம். எல்லாம் மாட்டி முடித்துப் போட்டபோது படம் கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. எங்களுடையது கலர் டிவி. ஜப்பான் பெட்டிக்கும் நம் டிவிக்கும் ஒத்துவரவில்லை என்று பிறகு டிவி மெக்கானிக் சொன்னார். அன்றைக்கு என் கணவர் முகம் வாடிப்போனது. "இந்தப் புள்ளைக்கு முடி நீலமா இருக்கும், வானமெல்லாம் அவ்வளவு அழகா இருக்கும்" என்று சிடி உறையை என்னிடம் காட்டினார். உறையில் நீலம் இருந்தது. திரையில் சாம்பல்.

விளையாட்டு என்று சொல்வதே அதிகம். ஒரு படம் அசையாமல் நிற்கும். கீழே ஒரு கட்டத்தில் ஜப்பான் எழுத்து ஓடும். யாராவது பேசுவார்கள். பட்டனை அமுக்கினால் அடுத்த வரி. எப்போதாவது இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அதில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதன்படி கதை போகும்.

கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். துறைமுகத்துச் சின்ன ஊர் ஒன்று. அங்கிருந்து ஒரு பையன் படிக்கப் பெரிய ஊருக்குப் போகிறான். அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த குட்டை முடிக்காரி ஊரில் காத்திருக்கிறாள். பெரிய ஊரில், நூலகத்தில் வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி ஒருத்தி அவனுக்குப் பழக்கமாகிறாள். தொடரில் கடைசியில் பையன் ரயிலேறி ஊருக்கே திரும்பிவிடுவான்.

"வெளையாட்டுலயும் அப்புடித்தான் முடியுமா?" என்று கேட்டேன்.

"அது நாம அமுக்குறதப் பொறுத்து. இங்குட்டு வா, நீயே அமுக்கு."

இரண்டு வாரம் தினமும் உட்கார்ந்தோம். அவருக்கும் ஜப்பான் எழுத்து தெரியாது. தொடரில் பார்த்ததை வைத்து, இவள் இதுதான் சொல்வாள் என்று ஊகத்தில் சொல்லிக்கொண்டே வருவார். நான் அவர் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கதை பாதியைத் தாண்டவில்லை, அவருக்கு விடுப்பு முடிந்துவிட்டது. திருச்சி விமான நிலையத்தில் அவரை விட்டுவிட்டு வந்த மறுநாள் மத்தியானம் வரை அந்தப் பெட்டி டிவிக்கு முன்னால் விட்டது விட்டபடி கிடந்தது. பிறகு நானே போட்டேன்.

மாமிக்கு முதலில் அது பிடிக்கவில்லை. "சைத்தான் பொட்டி" என்பார். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, சோறு சாப்பிட்டு, சற்றுப் படுப்பார். குட்டை முடிக்காரியின் குரல் கேட்டால் எழுந்து வந்து வாசற்படியில் நிற்பார். அப்படி நின்ற ஒருநாள்தான் கேட்டார்.

"ஏ புள்ள, அவ எதுக்கு அழுகுறா?"

எனக்கும் தெரியாது. அந்த இடம் வரை கணவர் சொல்லித் தரவில்லை. தெரியாது என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. "லெட்டர் வரலையாம் மாமி" என்றேன்.

மாமி உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தார். கையில் புடைக்கவோ ஆயவோ ஏதாவது இருக்கும். கண் திரையில் இருக்கும். யார் பேசினாலும் "என்ன சொல்றா?" என்று கேட்பார். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். குட்டை முடிக்காரியின் அம்மா என்று ஒருத்தி வருவாள், அவள் பேசும்போது மட்டும் நான் சொல்வதற்கு முன் மாமியே சொல்லிவிடுவார்: "சாப்பிடச் சொல்றா. வேற என்ன சொல்லப்போறா."

"அந்தப் பயல எங்கிட்டும் காணோமே?" என்று ஒருநாள் கேட்டார்.

"அவன் கண்ணு வழியாத்தான் மாமி நாம பாக்குறோம். அதுனால அவன் தெரிய மாட்டான்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

மாமி முறத்தில் இருந்ததை இரண்டு தரம் புடைத்தார். பிறகு, "பெத்தவளுக்காவது காட்டலாம்" என்றார்.

இரண்டு வரிகள் வந்து நிற்கும்போது எதை அமுக்குவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வரும். இரண்டுக்கும் அர்த்தம் தெரியாது. மாமி எப்போதும் மேல் வரிதான் என்பார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மேல், கீழ், கீழ், மேல் என்று வரிசையாக எழுதிவைத்தேன். எப்படி மாற்றி அமுக்கினாலும் முடிவு ஒன்றாகவே வந்தது. ரயில் வந்து நிற்கும். யாரும் இறங்கமாட்டார்கள். குட்டை முடிக்காரி பிளாட்பாரத்தில் நிற்பாள். ரயில் போய்விடும். பாட்டோடு பெயர்கள் ஓடும்.

"எங்கயோ தப்பா அமுக்கிட்டோம்" என்பார் மாமி. மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

இதற்குள் கணவருடைய கடிதங்கள் குறைந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டுக்கு போன் பண்ணுவார், நாங்கள் இருவரும் போய்க் காத்திருப்போம். அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று ஆனது. பேசினாலும், "நல்லாருக்கியா, அம்மாவப் பாத்துக்க" என்பதோடு சரி. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கணவரோடு வேலை பார்க்கும் ஒருவர், விடுப்பில் வந்தவர், பார்சல் கொடுக்க வீட்டுக்கு வந்தார். இளையான்குடிப் பக்கத்து ஆள். மாமி ஒரு மவுத்து வீட்டுக்குப் போயிருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். பார்சலில் இரண்டு சேலை, தைலம், சோப்பு. அவர் டீயைக் குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"தங்கச்சி, இத நான் சொல்றது சரியா தப்பான்னு தெரியல. எனக்கும் கூடப்பொறந்தவ இருக்கா. அவன் அங்க ஒரு பொண்ண நிக்காஹ் பண்ணிருக்கான். ஆறு மாசமாச்சு. அது இப்ப முழுகாம இருக்கு."

"எந்த ஊருப் பொண்ணுண்ணே?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

"அந்த ஊருதான். கடைக்குப் பக்கத்துல வேல பாக்குது."

அவர் போனபிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தேன். மாமியின் சேலையை மடிக்கும்போதுதான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமி வந்ததும் பார்சலைக் கொடுத்தேன். சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயதான மனுஷி, ஒரே மகன், இதைத் தாங்கமாட்டார் என்று பயந்தேன். சிங்கம்புணரியில் என் அண்ணன்களிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் அப்படியே ஓடியது.

எட்டாம் நாள் மத்தியானம் மாமியே, "பொட்டியப் போடேன் தாயி, ரொம்ப நாளாச்சு" என்றார். போட்டேன். கை தானாகவே அமுக்கிக்கொண்டு போனது. குட்டை முடிக்காரி கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுடைய சிநேகிதி ஒருத்தி வந்து ஏதோ சொல்கிறாள். அந்த இடத்துக்கு வழக்கமாக நான் சொல்லும் வசனம், அவனுக்குப் பரீட்சை நடக்கிறதாம் என்பது.

"என்ன சொல்றா?" என்றார் மாமி.

"அவுக அங்கயே ஒருத்தியக் கட்டிக்கிட்டாகளாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. கதையில் வரும் பையனை நாங்கள் இருவரும் 'அவன்' என்றுதான் சொல்வோம். 'அவுக' என்று நான் சொல்வது உலகத்தில் ஒரே ஒருவரைத்தான்.

மாமி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா ஒனக்கு?" என்றார்.

'என்ன சொல்ற' என்று கேட்கவில்லை. 'யாரைச் சொல்ற' என்றும் கேட்கவில்லை. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமி?"

திரையில் எழுத்து பட்டனுக்காகக் காத்து நின்றது. மறுபடி கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னாடி நீ ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேல்ல, அப்ப போன்ல சொன்னான். நான் காறித் துப்பிட்டு போன வச்சுட்டேன். அதுக்கப்பறம் அவன்ட்ட நான் ஒரு வார்த்த பேசல. ரிசீவரக் கையில வாங்குறதோட சரி, ஒன்ட்ட குடுத்துருவேன்."

ஐந்து மாதம். ஐந்து மாதமாக ஒவ்வொரு மத்தியானமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எப்போது ரயிலில் வருவான் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் மாமி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போயிருவ" என்றார். "போனீன்னா இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா?"

நான் கத்தினேன். அதுவரை அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள், எதிர்வீடு வரை கேட்கும்படி கத்தினேன். நீங்களும் உங்கள் மகனும் ஒன்றுதான் என்றேன். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னதும் எழுந்துபோய்க் கைகால் கழுவி ஒளு எடுத்தார். தொழுகையில் வழக்கத்தைவிட வெகுநேரம் நெற்றி தரையில் பட சஜ்தாவிலேயே கிடந்தார். நான் அதைப் பார்த்தபடியே நின்றேன். இரக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் அண்ணன்கள் வந்தார்கள். ஜமாத்தில் பேசினார்கள், சிங்கப்பூருக்கும் கடிதம் போனது. இரண்டு பேரையும் வைத்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதியிருந்தார். எனக்கு வேண்டாம் என்றேன். தலாக் வாங்கி முடித்துக் கொடுத்தார்கள். புறப்படும் அன்று மாமி என் பெட்டிக்குள் துணிகளை அடுக்கினார். ஜப்பான் பெட்டியையும் எடுத்துப் போகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வாசல்வரை வந்தவர், "போயிட்டு வா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிங்கம்புணரியில் மூன்று மாத இத்தா இருந்து முடிந்தபிறகு தையல் கற்றுக்கொண்டேன். அண்ணன் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டேன். ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் மாமி தனியாக பஸ் ஏறி வந்தார். மதினி முகம் கொடுக்கவில்லை. நான்தான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். ரொம்பவும் மெலிந்திருந்தார்.

"அந்தப் பொட்டிய நானே போட்டுப் பாத்தேன் தாயி. லைட்டு எரியுது, டிவியில ஒண்ணும் வரல" என்றார். டிவியில் வேறொரு பட்டனைத் திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கேட்டுத் தலையாட்டினார். போட்டிருக்கமாட்டார்.

பிறகு பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் அனுப்புனது. ஒனக்குக் காட்டக் கூடாதுன்னுதான் நெனச்சேன். வேற யாருட்ட காட்டுவேன், சொல்லு. மக பாக்க மாட்டேன்னுட்டா."

உள்ளே ஒரு போட்டோ. ஒரு வயதுப் பெண் குழந்தை, பூப்போட்ட கவுனில், யாருடைய கையோ பின்னாலிருந்து பிடித்திருக்க நின்றது. பார்த்தேன். குழந்தை நன்றாக இருந்தது.

"தாடை உங்கள மாதிரியே இருக்கு மாமி" என்றேன்.

"அப்புடியா?" என்று போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவில்லை. "எனக்கும் அப்புடித்தான் தோணுச்சு. நானாச் சொல்லிக்கிட்டா நல்லாருக்காதுல்ல."

அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு முறையாவது வந்தார். ஒவ்வொரு முறையும் கவரில் புதிய படம் ஒன்று இருக்கும். குழந்தையைப் பற்றி நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பார், நானும் சொல்வேன். மவுத்தாகும் வரை அந்தப் பேத்தியை அவர் நேரில் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்த ஒவ்வொரு முறையும் இரண்டு நாளைக்குத் தையல் ஓடாது. அதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.