பஞ்சுவின் பிரேக்

வேனில் ஏறி அமர்ந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் செருப்பைக் கழற்றுவது. கழற்றிய செருப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பக்கத்து இருக்கையின் அடியில் தள்ளிவிட்டு, வெறும் பாதத்தைப் பிரேக் மிதியின்மேல் வைத்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு பின்புறம் திரும்பி, கூரைவரை அடுக்கியிருக்கும் முட்டைத் தட்டுகளைப் பார்த்து, "கிளம்பலாமா?" என்று கேட்பாள். பதில் கிடைத்துவிட்டதைப்போல வண்டி நகரும். விடியலுக்கு முந்தைய மூடுபனியில் அது எங்கள் தெருவைக் கடப்பதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். போகிறது என்பதைவிட, கரைகிறது என்பதே பொருந்தும்.

அவளைப் 'பஞ்சு' என்று முதலில் அழைத்தவர் கடைத்தெரு பேக்கரிக்காரர். அவள் பிரேக் மிதிப்பதைப் பார்த்து வைத்த பெயர். அந்த வண்டியில் நான் சிலமுறை உடன் போயிருக்கிறேன். அது நின்றுவிட்டது என்பதை, வெளியே இருக்கும் விளக்குக் கம்பம் நகராமல் இருப்பதைக் கண்டுதான் அறிந்துகொள்ள வேண்டும். அடுக்கில் ஒரு முட்டைகூட அடுத்ததன்மேல் உரசாது. "உள்ளே பசங்க தூங்குறாங்க மாமா, திடீர்னு எழுப்பினா அழுவாங்க" என்பாள். சிரிக்காமல்தான் சொல்வாள். முட்டை சாப்பிடுவதை விட்டு வெகுகாலமாயிற்று. காரணம் கேட்டதற்கு, "தெரிஞ்சவங்களை எப்படிச் சாப்பிடுறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

குறைகளும் உண்டு. எதையும் மறந்துவிடுவாள். பாலத்தின்மேல் காரணமில்லாமல் வண்டியை நிறுத்திவிடுவாள். பேக்கரிக்காரர் தாமதத்துக்குக் காரணம் கேட்டால், "ஆறு புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பார்த்துட்டு வந்தேன்" என்பாள். பேக்கரிக்காரர் அடுப்பையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தட்டுகளை இறக்கிக்கொள்வார்.

அவளுடைய தந்தை அதற்கு நேர்மாறானவர். கல் குவாரியில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் பிரேக்கில் கால் வைத்தால் வண்டி மட்டுமன்று, தெருவே ஒருமுறை குலுங்கும். குவாரி மூடப்பட்டபின் முட்டை வியாபாரத்தைத் தொடங்கியவர் அவர்தான். முதல் வாரத்திலேயே பேக்கரிக்காரர் வாசலில் நின்று, "அண்ணே, நான் முட்டை கேட்டேன், நீங்க ஆம்லெட் கொண்டாந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டார். அன்று சாவியை மகளிடம் கொடுத்தவர், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையோடு நின்றுகொண்டார். இருட்டில் சிறு விளக்கொன்றை ஏற்றி, ஒவ்வொரு முட்டையையும் அதன்முன் பிடித்து, உள்ளே இருப்பதைப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. அப்போது அவர் விரல்கள் சிவந்து ஒளிரும். "கல்லுக்கு வலிக்காதும்மா. அதுல பழகின காலு" என்று மகளிடம் சமாதானம் சொல்வார்.

இந்தப் பஞ்சுதான் ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கு விண்ணப்பித்தாள், தேர்வும் ஆகிவிட்டாள். தெரு நம்பவில்லை. பூட்ஸை முன்கூட்டியே அணிந்து பழக்கிக்கொண்டு வரவேண்டும் என்று முகாமிலிருந்து எழுதியிருந்ததால், பகலெல்லாம் அவள் மாடிப்படிகளில் ஏறி இறங்கினாள். படிகளுக்கு அப்படியொரு சத்தம் உண்டென்பதை அப்போதுதான் அறிந்தோம். ஏன் இந்த ஆசை என்று கேட்டேன். "பெரிய வண்டி ஓட்டணும் மாமா. மலைமேல, மேகத்துக்குள்ள. முன்னால எதுவும் தெரியாம, மெதுவா." அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தந்தை தடுக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. இனி வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்டவர்களிடம், "நான்தான். இனி எல்லாருக்கும் ஆம்லெட்தான்" என்றார். அந்த நகைச்சுவையை அவர் ஒருமுறைக்கு மேல் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள், பெட்டியை அடுக்கிக்கொண்டே தந்தை முகாமின் கடிதத்தை உரக்கப் படித்திருக்கிறார். போர்வை, இருக்கிறது. சான்றிதழ்கள், இருக்கின்றன. காவல்துறையில் எந்த விவகாரமும் நிலுவையில் இருக்கக்கூடாது. "அப்படி எதுவும் இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். இல்லையென்று சொல்லிவிட்டு, அவள் வாசலில் நின்ற வேனையே சற்று நேரம் பார்த்திருக்கிறாள். பிறகு எழுந்துபோய், வண்டியின் இடப்பக்க ஜன்னல் கண்ணாடியின் இடுக்கில் மடித்துச் செருகியிருந்த தாளை உருவிக்கொண்டு வந்தாள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், பாலத்தருகே, ரோந்து மோட்டார் சைக்கிளில் வந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் அவள் வண்டியின் பின்புறத்தில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருக்கிறார். "ஏம்மா, பிரேக் போட்டா பின்னால லைட்டு எரிய வேணாமா? நீ நிக்கப்போறேன்னு பின்னால வர்றவன் ஜோசியமா பார்ப்பான்?" என்று கடிந்துகொண்டு, விளக்கைப் பழுதுபார்த்துக் காவல் நிலையத்தில் காட்டிக் கையெழுத்துப் பெறவேண்டும் என்று சீட்டெழுதிக் கொடுத்தார். காட்டிவிட்டால் அத்தோடு முடிந்தது, காட்டாவிட்டால் நீதிமன்றம். அவள் அதைப் பணிவோடு வாங்கிக்கொண்டாள். கண்ணாடி கடகடவென்று ஆடி முட்டைகளை எழுப்பிக்கொண்டிருந்தது. சீட்டு அதன் இடுக்குக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. சத்தம் நின்றது. சீட்டும் மறந்துபோயிற்று.

மறுநாள் காலையில் முகாமின் பேருந்து வருகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த பயிற்சி அடுத்த ஆண்டுதான். அதற்குள் அவளுக்கு வயது வரம்பு கடந்துவிடும். தந்தை கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, "வண்டியை எடு" என்று மட்டும் சொன்னார்.

மெக்கானிக் தந்தையின் பழைய நண்பர். வண்டிக்குள் ஏறிப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். தந்தை பின்னால் நின்றார். என்ஜின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், விளக்கு எரிந்தால் கையை உயர்த்துவது அவர்கள் வழக்கம். தந்தை கையை உயர்த்தினார். இரண்டு பக்கமும் நன்றாகவே எரிந்தன. "என்னண்ணே, நல்லா இருக்கிற மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று சிரித்த மெக்கானிக், எதற்கும் இருக்கட்டுமென்று புது பல்புகளை மாட்டி அனுப்பினார்.

காவல் நிலையத்தில் அதே காவலர் வெளியே வந்து, வண்டிக்குப் பின்னால் நின்று, மிதிக்கச் சொன்னார். அவள் மிதித்தாள். தந்தையின் கை உயர்வதற்குத் தயாராக இருந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. விளக்குகள் இருண்டிருந்தன. "புது பல்பு போட்டா போதுமா, எரியணும்ல" என்று சொல்லிவிட்டுக் காவலர் உள்ளே போய்விட்டார். மாலையில் தம் பணி முடியுமுன் வந்தால் பார்ப்பதாக வாசலிலிருந்து சொன்னார்.

மீண்டும் மெக்கானிக். அவர் மிதிக்க, எரிந்தது. வண்டியை உலுக்கிவிட்டு மிதித்தார்; அப்போதும் எரிந்தது. வண்டிக்குப் போலீஸைக் கண்டால் பயம் என்று முடிவுகட்டிவிட்டு, அவர் வேறொரு காரின் அடியில் படுத்துவிட்டார்.

பட்டறையின் வாசலில்தான் தந்தைக்கும் மகளுக்கும் வாய்ச்சண்டை வந்தது. விளக்கு எரிந்ததைத் தம் கண்ணாலேயே பார்த்ததாக அவர் சாதித்தார். இத்தனை நாளும் அதை ஓட்டுகிறவள் தான்தான் என்று அவள் சொன்னாள். "ஓட்டுறவளுக்குப் பின்னால எரியறது எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். தன் வண்டியின் பிரேக் விளக்கை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஓட்டுகிற எவரும் பார்க்க முடியாது.

"நீங்க ஏறுங்கப்பா. நான் பின்னால நிக்கிறேன்" என்றாள்.

அவர் ஏறி மிதித்தார். மேகம் மூடிய அந்த மங்கலான பிற்பகலில் இரண்டு சிவப்பு வட்டங்கள் சட்டென்று மலர்ந்தன. அவள் கையை உயர்த்தவே மறந்து நின்றதாக மெக்கானிக் பிறகு சொன்னார். பின்பு அவள் ஏறி மிதித்தாள். அவர் பின்னால் நின்றார். கை உயரவில்லை. மறுபடியும் இடம் மாறினார்கள். மூன்றாவது முறை தந்தை பின்னால் போகாமல், கதவருகே குனிந்து, பிரேக் மிதியின்மேல் இருந்த அவளுடைய வெறும் பாதத்தைப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு மிதிக்கிறதா? தடவிக் கொடுக்கிறே."

விஷயம் அதுதான். பிரேக் மிதியின் தண்டருகே விரல்நுனியளவு சுவிட்ச் ஒன்று உண்டு. மிதி அசைந்ததும் அது விளக்கை ஏற்றவேண்டும். நாளடைவில் அது தன் இடத்திலிருந்து சற்றே விலகியிருந்தது. ஓங்கி மிதிப்பவருக்கு அதனால் வேறுபாடு எதுவும் இல்லை. பஞ்சுவின் பாதமோ, அந்தச் சுவிட்ச் விழித்துக்கொள்வதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடும்.

தந்தை இருக்கையின் பின்னால் கிடந்த பூட்ஸை எடுத்து நீட்டினார். அவள் அணிந்துகொண்டு மிதித்தாள். எரிந்தது. "அவ்வளவுதான். இதோடயே போய் மிதி, கையெழுத்தை வாங்கு, கிளம்பு. நேரமாகுது" என்றார். மெக்கானிக்கும் காருக்கு அடியிலிருந்தபடியே அதை ஆமோதித்தார். அவர் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து சுவிட்சைக் கழற்றிப் பொருத்துவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், காவலரும் போய்விடுவார்.

அவள் பூட்ஸைக் கழற்றி, ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகத் தரையில் வைத்தாள்.

"நாளையிலேருந்து நீங்க மெதுவா மிதிக்கணும்ப்பா. அப்ப பின்னால வர்றவனுக்கு நீங்க நிக்கிறது தெரியணும்."

"நான் எங்கே மெதுவா மிதிக்கப்போறேன்?"

"மிதிப்பீங்க" என்றாள்.

அவர் பூட்ஸை எடுத்து வண்டிக்குள் வைத்தார். பிறகு குனிந்து, காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் காலைப் பிடித்து இழுத்தார்.

மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டேதான் வேலை செய்தார். இவ்வளவு காலத் தொழிலில் தூங்குகிற காலுக்குச் சுவிட்ச் திருத்துவது இதுவே முதல் தடவை என்றார். அவர் ஒவ்வொரு முறை திருகும்போதும் அவள் மிதித்துக் காட்டினாள். பின்னால் நின்ற தந்தையின் கை உயராமலேயே இருந்தது. தெருவிளக்குகள் ஏற்றப்பட்ட வேளையில்தான் அது ஒருவழியாக உயர்ந்தது. அவர்கள் நிலையத்தை அடைந்தபோது காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தமது மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருந்தார். அவளைக் கண்டதும் பெருமூச்சுவிட்டு, இறங்காமலேயே மிதிக்கச் சொன்னார். அவள் செருப்பைக் கழற்றினாள். பாதத்தை வைத்தாள். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாளா என்று எனக்குச் சந்தேகம். காவலரின் சட்டை மெல்லச் சிவந்தது. அவர் தலையசைத்து, கண்ணாடி இடுக்கில் கிடந்து மடிந்து நைந்த சீட்டைப் பெட்ரோல் டேங்கின்மேல் விரித்து நீவிக் கையெழுத்திட்டார். எங்கே பயிற்சி என்று விசாரித்தார். அங்கே போய் இப்படி மிதிக்காதே, எதிரிகூடத் தூங்கிவிடுவான் என்றாராம்.

அன்றிரவு எங்கள் தெரு ஒரு வினோதத்தைக் கண்டது. தந்தை வேனை ஓட்டினார். பக்கத்து இருக்கையில் ஒரு தட்டு முட்டை. தெருக்கோடியிலிருக்கும் கிடங்குச் சுவர்வரை போவதும், நிற்பதும், திரும்பி வருவதுமாக இருந்தார். மகள் பின்னாலேயே நடந்தாள். முதலில் வண்டி குலுங்கியது; தட்டிலிருந்து ஒரு முட்டை உருண்டது; எதிர்வீட்டுப் பெண்மணி வாளியோடு வந்து நின்று, மிச்சமிருப்பதையாவது அவித்துவிடலாமா என்று கேட்டார். தந்தை பதில் சொல்லாமல் மறுபடியும் கிளம்பினார். நேரம் செல்லச் செல்லத் தெருவில் கேட்டது என்ஜினின் முனகல் மட்டுமே. சிவப்பு வெளிச்சம் சுவர்களில் படர்வதும் வடிவதுமாக இருந்தது. அது படரும்போதெல்லாம் அவள் கை உயர்ந்தது. "இப்ப தூங்குறாங்களா?" என்று அவர் ஜன்னல்வழியே கேட்டார். "புரண்டு படுத்தாங்க" என்றாள் அவள். அவர் மறுபடியும் சுவரை நோக்கிப் போனார்.

மறுநாள் காலை நானும் உடன் போனேன். பெட்டிக்கு இடம் ஒதுக்கியபின் மிஞ்சிய ஒரு தட்டை மடியில் வைத்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. பனி வழக்கத்தைவிட அடர்த்தியாக இருந்தது. விளையாட்டுத் திடலின் மூலையில் முகாமின் பேருந்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கட்டடத்தைப்போல நின்றது. அவள் பூட்ஸோடு இறங்கினாள். கையெழுத்திட்ட சீட்டு சட்டைப்பையில் இருக்கிறதா என்று தந்தை கேட்டார். தொட்டுக் காட்டினாள். பிறகு பின்கதவைத் திறந்து தட்டுகளைப் பார்த்தாள், ஏதோ சொன்னாள், எங்களுக்குக் கேட்கவில்லை. கடை திறக்கும் நேரம் ஆயிற்று, நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்லி அவளேதான் கதவைச் சாத்தினாள்.

தந்தை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். குனிந்து தம் செருப்புகளைக் கழற்றினார். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, என் இருக்கைக்கு அடியில் தள்ளினார். வண்டி நகர்ந்தது.

திடலின் வளைவில் எங்களுக்கு முன்னால் எதுவும் இல்லை. நிறுத்துவதற்குக் காரணமும் இல்லை. அவருடைய பாதம் பிரேக்கின்மேல் இறங்கியது. என் மடியிலிருந்த முட்டைகள் அசையவில்லை. வெளியே மரம் நகராமல் இருப்பதைக் கண்டுதான் நின்றுவிட்டோம் என்று அறிந்தேன். பக்கக் கண்ணாடியில், எங்கள் விளக்கால் சிவந்த பனிக்கு அப்பால், அவள் ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்தி நின்றாள். அந்தக் கை இறங்கும்வரை அவர் காலை எடுக்கவில்லை.